காட்சியும் சாட்சியும்

பயன் எதனையும் கருதாமல் ஒன்றைப் பார்த்து மகிழ்வது அறத்திற்கு உடன்பாடானதா? அங்ஙனம் பார்த்ததைப் படமாக்கி எடுத்துச் செல்பவனுக்குப் பார்க்கப்பட்ட பொருளிடத்து ஏதேனும் கடப்பாடு உண்டா? அழகியலும் அறவியலும் சந்திக்கும் எல்லையில் எழுவன இவ்விரு வினாக்களும். இவற்றை மெய்யியல் நூல்களைக் கொண்டு மட்டும் ஆராய்தலும் கூடும். ஆயினும் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணத்தை எடுத்து, அதனை விடாது பற்றிச் செல்வதே தெளிவுக்கு உகந்த வழியாகும். புகையிரதங்களைப் பார்ப்பதும் படம்பிடிப்பதுமாகிய பொழுதுபோக்கினை இக்கட்டுரை அவ்வாறு எடுத்துக்கொள்கின்றது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு அற்பமாகத் தோன்றும் இப்பொழுதுபோக்கு, மேற்கூறிய இரு வினாக்களையும் வேறு பலவற்றிலும் கூர்மையாக எழுப்ப வல்லது.

ஐக்கிய அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்ததும் குடும்பத்தோடு மோட்டார் வண்டியிற் புறப்பட்டு, பல நாள்கள் தெருவழியே ஊர்சுற்றி வருவது நெடுங்கால வழக்கம். அங்ஙனம் புறப்படுவோருள் ஒரு சாரார் கடற்கரைகளை நாடாது இருப்புப்பாதைகளை நாடிச் செல்வர். பென்சில்வேனியாவில் 1854 இல் திறக்கப்பட்ட குதிரைலாட வளைவு, தென் கலிபோர்னியாவின் கஹோன் கணவாய், அதற்கு வடக்கே தெகாச்சப்பி மலைவழி ஆகியன இவர்களுக்குத் தலயாத்திரைக்குரிய இடங்கள் போன்றவை. இவற்றுள் தெகாச்சப்பியைச் சற்று விரிவாக நோக்குவோம்.

கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கிலுள்ள பேக்கர்ஸ்பீல்ட் நகரிலிருந்து மொகாவிப் பாலைவனத்தை நோக்கி ஏறும் இம்மலைவழியில், இருப்புப்பாதை ஓரிடத்தில் ஒரு குன்றைச் சுற்றி முழு வட்டமாக வளைந்து, தன்னைத் தானே கடந்து மேலே செல்கின்றது. சதேர்ன் பசிபிக் நிறுவனம் 1874 இல் தொடங்கிய வேலை, 1876 இல் பாதை திறக்கப்பட்டதோடு நிறைவெய்தியது. நூறு அடி தூரத்திற்கு ஏறத்தாழ இரண்டு அடிக்கு மேல் ஏற்றம் இருத்தலாகாது என்னும் வரம்புக்குள் நின்று மலையை ஏற வேண்டியிருந்தமையால், தூரத்தை நீட்டும் பொருட்டுப் பொறியியலாளர் இவ்வட்டத்தை வகுத்தனர். வட்டத்தின் நீளம் ஏறத்தாழ 1150 மீற்றர். அதனைச் சுற்றி முடிக்கையில் வண்டி 23 மீற்றர் உயர்ந்துவிடுகின்றது. இன்றைய சரக்கு வண்டிகள் பல இந்நீளத்தினும் நெடியன. ஆகவே, மலையேறும் வண்டியின் இயந்திரங்கள் மேற்பாதையிற் செல்லும் வேளையில், அதே வண்டியின் கடைப்பெட்டிகள் அவற்றுக்கு நேர் கீழே சுரங்கத்தினுள் நுழைந்துகொண்டிருக்கும். ஒரு வண்டி தன் தலையினால் தன் வாலைத் தாண்டிச் செல்லும் இக்காட்சியைக் காண்பதற்கென்றே மக்கள் 58 ஆம் இலக்க நெடுஞ்சாலையை விட்டு விலகி, சிறு தெருவொன்றின் ஓரத்தில் வந்து நிற்கின்றனர்.

அவர்கள் அங்கு செய்வது யாது? காத்திருத்தலே அதிற் பெரும்பகுதி. கோடை வெயிலில் மஞ்சளாய்க் காய்ந்த புல்மூடிய குன்றுகளும், இடையிடையே நிற்கும் ஓக் மரங்களுமே முன்னே தெரிவன. வண்டி கண்ணுக்குப் புலனாவதற்கு நெடுநேரம் முன்னரே அதன் இயந்திர ஒலி பள்ளத்தாக்கில் எழும். பின்னர் வளைவில் உராயும் சில்லுகளின் கீச்சொலி கேட்கும். அதன் பின்னரே வண்டி வரும். சில நிமிடங்களில் அது கடந்துவிடும். 1971 ஆம் ஆண்டின் பின்னர் இவ்வழியே ஒழுங்கான பிரயாணிகள் சேவை நடைபெற்றதில்லை. எனவே அங்கு நிற்போர் அவ்வண்டியில் ஏறிச் செல்லக் கருதியவரல்லர். அதிலுள்ள சரக்கினாலும் அவர்க்கு ஆதாயமில்லை. இருப்புப்பாதையின் பிரயாணிகளைப் பறித்துக்கொண்ட மோட்டார் வண்டியிலேயே வந்திறங்கி, தமக்கு எவ்வகையிலும் உதவாத ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு அவர்கள் மீள்கின்றனர். பயன் கருதாத பார்வைக்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது.

பயன் கருதாத இன்பமே அழகுணர்வின் இலக்கணம் என நிறுவ முயன்றவர் ஜேர்மன் மெய்யியலாளராகிய கான்ற். 1790 இல் வெளிவந்த தமது நூலில் அவர் ஓர் அரண்மனையை உதாரணமாகக் காட்டுகின்றார். இவ்வரண்மனை அழகியதா என ஒருவர் வினவுகின்றார். வெறுமனே வாய்பிளந்து பார்ப்பதற்கென ஆக்கப்பட்டவற்றை நான் விரும்புவதில்லை என மற்றவர் விடையிறுக்கலாம். அல்லது, தேவையற்ற ஆடம்பரத்தின் பொருட்டு மக்களின் வியர்வையைச் செலவிடும் பெரியோரின் வீண் பெருமையை ரூசோவின் பாணியில் அவர் கண்டிக்கலாம். இவையெல்லாம் ஏற்கத்தக்கனவே, ஆயின் வினவப்பட்டது இதுவன்று என்கின்றார் கான்ற். காட்சியளவில் அப்பொருள் நமக்கு இன்பம் தருகின்றதா என்பதொன்றே அழகியலின் வினா. அதனைக் கட்டியவர் யார், எத்துணைத் துன்பத்தில் கட்டினர் என்பன வேறு வினாக்கள்.

தெகாச்சப்பி வளைவும் கான்றின் அரண்மனையைப் போன்றதே. அதனை அமைத்தவர்களுள் மிகப் பெரும்பாலானோர் சீனத் தொழிலாளர். ஏறத்தாழ மூவாயிரம் பேர் அவ்வேலையில் ஈடுபட்டனர் என்பர். அவர்கள் மலையைக் குடைந்தும் பாறையை வெடிவைத்துத் தகர்த்தும் அமைத்த வட்டத்தின் மேலேதான் இன்றைய காட்சி நிகழ்கின்றது. அழகையும் வியர்வையையும் வெவ்வேறு வினாக்களாகப் பிரித்து வைத்தல் எவ்வளவு தூரம் தகும் என்பதே நாம் ஆராய வேண்டியது.

சமூக நோக்கினை வற்புறுத்துவோர் சிலர் இதற்கு உடனடியாக விடை கூறிவிடுவர். உழைப்பை மறந்து உழைப்பின் விளைவை மட்டும் சுவைப்பது வசதி படைத்தோரின் ஓய்வுநேரக் கேளிக்கை. அதனை ஆராய்வதற்கும் ஒன்றுமில்லை என்பது அவர் தம் முடிபு. இவ்விடை அவசரமானது. பயன் கருதாத பார்வையில் அறத்தின்பாற்பட்ட ஒரு நன்மையும் உண்டு என்பதை அது காணத் தவறுகின்றது.

ஆங்கில மெய்யியலாளரும் நாவலாசிரியருமாகிய ஐரிஸ் மேர்டொக் 1970 இல் வெளியிட்ட நூலொன்றில் இந்நன்மையை எளிய உதாரணம் ஒன்றினால் விளக்கினார். தன் மதிப்புக்கு நேர்ந்த இழுக்கை எண்ணி எண்ணி மனம் புழுங்கியபடி ஒருவர் சாளரத்தினூடே வெளியே நோக்குகின்றார். வானில் ஒரு சிறு வல்லூறு அசையாது மிதந்து நிற்பதைக் காண்கின்றார். அக்கணத்தில் புண்பட்ட தன்முனைப்பு மறைந்துவிடுகின்றது. வல்லூறு மட்டுமே எஞ்சுகின்றது. மீண்டும் பழைய கவலைக்குத் திரும்புகையில் அது முன்னைப் போல் பெரிதாகத் தோன்றுவதில்லை. தன்னலமே அறவாழ்வின் முதற்பகை எனக் கொண்ட மேர்டொக், தன்னை மறந்து பிறிதொன்றை உள்ளவாறு நோக்கும் பயிற்சியே அறத்தின் தொடக்கம் எனக் கருதினார்.

மலைச்சரிவில் நின்று வண்டியை எதிர்நோக்குபவனிடம் இப்பயிற்சியைக் காணலாம். வண்டி அவன் விருப்பத்திற்கு வருவதில்லை, அவனுக்காக நிற்பதுமில்லை. அதனை அவன் வாங்க முடியாது. வீட்டிற்குக் கொண்டுசெல்லவும் முடியாது. ஒலியைக் கொண்டு அது ஏறுகின்றதா இறங்குகின்றதா என அறியவும், இயந்திரங்களின் வகையை வேறுபடுத்தவும், சைகை விளக்கின் நிறமாற்றத்திற்குப் பொருள் கொள்ளவும் அவன் கற்றுக்கொள்கின்றான். தன்னைச் சாராத ஒன்றின் இயல்பை அதன் பொருட்டே அறிய முற்படும் மனநிலை இது. தந்தையோடு வந்த சிறுவன் பெட்டிகளை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணத் தொடங்கி, நூற்றைக் கடந்தும் விடாது எண்ணுவானாயின், அவனும் இப்பயிற்சியில் ஈடுபட்டவனே. எல்லாவற்றையும் எனக்கென்ன பயன் என்று கேட்டே மதிப்பிடப் பழகிய உலகில் இது சிறிய பேறன்று. எனவே பார்த்தலைக் குற்றம் எனக் கொள்வதற்கு நியாயமில்லை.

ஆயின் பார்ப்பவன் கையில் இப்போது கமரா உண்டு. பார்த்தலும் படம்பிடித்தலும் ஒரே செயலின் இரு பகுதிகள் போலத் தோன்றினும், அவை தன்மையில் வேறானவை. பார்வை பார்த்தவனோடு முடிந்துவிடுவது. படமோ அவனை விட்டுப் பிரிந்து, அவ்விடத்தில் இல்லாதவரிடமும் பின்னர் பிறப்போரிடமும் செல்வது. சென்று, இவ்விடம் இவ்வாறு இருந்தது எனக் கூறுவது. அதாவது படம் ஒரு கூற்று. கூற்றாயின் அது மெய்யாகவும் இருக்கலாம்; பொய்யாகவும் இருக்கலாம்; மெய்யைக் கூறுவதுபோல ஒன்றை மறைக்கவும் செய்யலாம். பார்ப்பவனிடம் நாம் கேட்காத உண்மையைப் படம்பிடிப்பவனிடம் கேட்கும் உரிமை இங்ஙனமே பிறக்கின்றது. காட்சியைக் கண்டவன் சாட்சியாக மாறுமிடம் இது.

இவ்வேறுபாட்டை விளக்குதற்கு இருப்புப்பாதை வரலாற்றிலேயே மிகப் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. 1869 மே 10 ஆந் திகதி, யூட்டாப் பிரதேசத்தின் புரொமொன்ரறி என்னுமிடத்தில், கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் பாதையும் மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக் பாதையும் இணைக்கப்பட்டன. அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் முதலாவது இருப்புப்பாதை அன்று நிறைவெய்தியது. அன்ட்ரூ ரசல் என்பார் எடுத்த படத்தில் இரு இயந்திரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின் மேலும் கீழும் ஆடவர் கூட்டம் நிறைந்திருக்கின்றது. நடுவில் இருவர் கைகுலுக்குகின்றனர். இயந்திரங்களின் மீது நிற்போர் மதுப்போத்தல்களை நீட்டுகின்றனர். சியெரா நெவாடா மலைகளினூடே மேற்குப் பாதையை அமைத்த தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையினர் சீனர். அவர்களின் தொகை பல்லாயிரம். அப்படத்தில் அவர்களின் முகத்தைத் தேடினால் தெளிவாகத் தெரிவது எதுவுமில்லை.

அவர்கள் யாவர்? கருங்கல் மலையில் வெடிமருந்து கொண்டு சுரங்கம் குடைந்தவர்கள், பனிச்சரிவுகளில் புதையுண்டவர்கள். இறந்தோரின் முழுமையான பதிவு எதுவும் இல்லை. வெள்ளைத் தொழிலாளரிலும் குறைந்த கூலியே அவர்க்கு வழங்கப்பட்டது. உணவுச் செலவும் அவர்களுடையதே. 1867 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் சமமான கூலியும் குறைந்த வேலைநேரமும் வேண்டி அமைதியாக வேலைநிறுத்தம் செய்தனர். வேலைகளை மேற்பார்வை செய்த சார்ள்ஸ் குறொக்கர் மலைமேலிருந்த அவர்களுக்குச் செல்லும் உணவுப்பொருள்களைத் தடுத்தார். ஒரு வார காலத்தில் வேலைநிறுத்தம் முடிவுற்றது. பாதை முடிந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1882 இல், சீனத் தொழிலாளர் அமெரிக்காவினுள் வருவதைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. நாட்டை ஒன்றாக இணைத்தவர்கள் அந்நாட்டில் இடமற்றவராயினர். இவ்வரலாற்றோடு சேர்த்து நோக்குமிடத்து, அவர்கள் இடம்பெறாத அப்படம் தற்செயலான ஒரு குறைபாட்டினும் மேலான பொருளைப் பெற்றுவிடுகின்றது.

இங்கு ஓர் ஆட்சேபம் எழுதல் கூடும். சட்டம் ஒன்றினுள் உலகம் முழுவதையும் அடக்குதல் இயலாது. எந்தப் படமும் எதனையேனும் விலக்கியே ஆகவேண்டும். அவ்வாறாயின் விடுபட்டமைக்காக ஒரு படத்தை எவ்வாறு குறைகூறலாம்? இவ்வாட்சேபம் பொருளுடையதே. விடுபடுதலையும் மறைத்தலையும் நாம் வேறுபடுத்த வேண்டும். சுரங்கத்தை மட்டும் படம்பிடித்தவன் சுரங்கத்தைக் காட்டுவதாகவே கூறுகின்றான். அவன் படத்தில் தொழிலாளர் இல்லாமை மறைப்பன்று. ஆயின் இப்பாதையை முடித்தவர்கள் இவர்கள் எனக் காட்ட முற்படும் படத்தில் அதனை முடித்தவர்கள் இல்லையெனின், அங்கு படத்தின் கூற்றுக்கும் உண்மைக்கும் முரண்பாடு ஏற்படுகின்றது. கமராவினால் அவர்களைக் காண முடியாதிருந்தது எனவும் கூறவியலாது. சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்துக்காக அல்பிரட் ஹார்ட் என்பவர் எடுத்த படங்கள் சிலவற்றில் சீனத் தொழிலாளரை இன்றும் காணலாம். கருவி ஒன்றே. எதனைக் கொண்டாடத்தக்கதாகக் கருதினர் என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

விடுபட்டதை ஈடுசெய்யவும் படத்தினால் முடியும். நியூயோர்க்கைச் சேர்ந்த சீன அமெரிக்கப் படப்பிடிப்பாளர் கோர்க்கி லீ, தமது பள்ளிப் பருவத்தில் புரொமொன்ரறிப் படத்தைக் கண்டு அதில் தம்மவரைத் தேடியவர். 2014 ஆம் ஆண்டு மே மாதத்தில், பாதை இணைந்ததன் 145 ஆவது ஆண்டு நிறைவின்போது, அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களையும் ஏனைய ஆசிய அமெரிக்கரையும் அதே இடத்தில் ஒன்றுதிரட்டி, அதே அமைப்பில் படமெடுத்தார். 1869 இல் எடுக்கப்படாத படத்தை எடுத்துவிட்டதாக அவரும் பாவனை செய்யவில்லை. பார்ப்போரும் அங்ஙனம் மயங்குவதில்லை. முன்னைய படத்தை இனி எவரும் பழைய கண்கொண்டு பார்க்கவியலாதவாறு செய்ததே அவர் சாதனை. 2021 இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற படம் முன்னைய படத்தின் அருகில் ஒரு திருத்தச் சாட்சியமாக நிற்கின்றது.

படத்தின் உண்மை என்பது கண்ணெதிரே இருந்ததை அப்படியே பதிவதா என்னும் வினாவும் இங்கு கருதற்பாலது. வின்ஸ்ரன் லிங்க் என்னும் படப்பிடிப்பாளர் 1955 ஆம் ஆண்டு முதல் 1960 வரை, நோர்போக் அன்ட் வெஸ்ரேண் பாதையில் இறுதி நீராவி இயந்திரங்களைப் படம்பிடித்தார். நீராவியைக் கைவிட்ட பெரும் அமெரிக்க நிறுவனங்களுள் கடைசியானது அது. லிங்க் பெரும்பாலும் இரவிலேயே வேலைசெய்தார். சூரியனைத் தாம் விரும்பிய இடத்தில் வைக்கவியலாது. மின்னொளிக் குமிழ்களை வைக்கலாம் என்பது அவர் கருத்து. மேற்கு வேர்ஜீனியாவின் யேகர் என்னும் ஊரில் 1956 இல் எடுத்த படத்தில், திறந்தவெளித் திரையரங்கொன்றில் மோட்டார் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. முன்னே ஓர் இணையர் வண்டியிலிருந்து படம் பார்க்கின்றனர். திரையில் ஒரு விமானம் பறக்கின்றது. அவர்களுக்கு அப்பால், எவரும் கவனியாத நிலையில், வெண்புகை கக்கியபடி நீராவிப் புகையிரதம் ஒன்று கடந்து செல்கின்றது. இணையரை அவ்வண்டியில் அமர்த்தியவர் லிங்க். ஒளியின் மிகுதியால் வெளிறிப்போன திரையில் விமானத்தின் உருவைப் பின்னர் சேர்த்தவரும் அவரே.

இதனைப் பொய் எனலாமா? எனது கருத்தில் இது பொய்யன்று. மோட்டார் வண்டியும் விமானமும் மக்களின் பார்வையைக் கவர்ந்துகொள்ள, புகையிரதம் அவர்களின் முதுகுக்குப் பின்னே மறைந்துகொண்டிருந்தது என்பது அக்காலத்தின் உண்மை. அமைக்கப்பட்ட அப்படம் அதனை மறைக்கவில்லை, தெளிவாக்குகின்றது. மேலும் லிங்கின் படங்கள் பலவற்றில் இயந்திரங்களோடு மனிதரும் உள்ளனர். எண்ணெய் இடுவோர், இயந்திரத்தைத் துடைப்போர், நிலையத்தில் காத்திருப்போர், பாதையோர வீடுகளில் வாழ்வோர் எனப் பலர் அவற்றில் இடம்பெறுகின்றனர். நீராவி மறைந்தபோது ஓர் அழகு மட்டுமே மறைந்ததாகக் கொள்வது பழமை நாட்டத்தின் பிழை. அதனோடு பட்டறைகளில் பல்லாயிரவரின் தொழிலும் மறைந்தது. புகையின் கவர்ச்சியை நினைவுகூர்பவர் அப்புகையினிடையே கரி தள்ளியவரையும் நினைவுகூர்தல் வேண்டும். லிங்கின் படங்கள் இரண்டிற்கும் இடமளிக்கின்றன.

மீண்டும் தெகாச்சப்பிக்கு வருவோம். வளைவின் நடுவேயுள்ள குன்றின் உச்சியில் ஒரு பெரிய வெண்சிலுவை நிற்கின்றது. அங்கு எடுக்கப்படும் படங்கள் பலவற்றில் அது தானாகவே இடம்பெற்றுவிடும். அதனை மலையழகின் ஓர் உறுப்பாகக் கொண்டு செல்வோரும் உளர். 1989 மே 12 ஆந் திகதி சான் பெர்னாடினோ நகரில் நிகழ்ந்த புகையிரத விபத்தில் உயிரிழந்த இரு ஊழியரின் நினைவாக நாட்டப்பட்டது அது. சோடாச் சாம்பல் செய்ய உதவும் துரோனா என்னும் கனிமத்தை ஏற்றிக்கொண்டு கஹோன் கணவாயில் இறங்கிய அவ்வண்டியின் எடை ஏறத்தாழ 6,000 தொன் எனக் கணிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அது 9,000 தொன்னை அண்மியது. இயந்திரங்கள் சிலவற்றின் தடுப்பாற்றலும் சரிவர இயங்கவில்லை. கட்டுக்கடங்காது விரைந்த வண்டி மலையடிவாரத்தில் தடம்புரண்டு வீடுகளின் மேல் விழுந்தது. ஊழியர் இருவரோடு, வீட்டிலிருந்த சிறுவர் இருவரும் மாண்டனர். பதின்மூன்று நாள்களின் பின், அதே இடத்தில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் வெடித்து மேலும் இருவர் இறந்தனர்.

இவ்வரலாற்றை அறிந்தவன் மலைச்சரிவில் இறங்கும் நீண்ட வண்டியை இனி எவ்வாறு பார்ப்பான்? அதன் நீளமும் பாரமுமே அவனுக்கு வியப்பைத் தந்தன. அந்நீளத்தையும் பாரத்தையும் பள்ளத்தில் உருண்டோடாது தாங்கி இறக்குவது யாரோ ஒருவரின் கணக்கும், யாரோ ஒருவரின் கையும், யாரோ ஒருவரின் விழிப்பும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. காட்சியின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை. முன்னர் இயந்திரத்தை மட்டும் கண்டவன் இப்போது இயந்திரத்தினுள் இருக்கும் மனிதனையும் காண்கின்றான். பெருந்தேர் உருளுதற்கு அச்சாணியே ஆதாரமாயினும் அது தோற்றத்தாற் பெரிதன்று என்பதை வினைத்திட்பம் பேசுமிடத்தில் வள்ளுவர் எடுத்துக்காட்டினார். அச்சாணியையும் காணவல்ல கண்ணே தேரை முழுமையாகக் கண்ட கண்ணாகும்.

இயந்திரத்தினுள் இருக்கும் அம்மனிதனும் ஒரு பார்வையாளன் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். நாம் அவனைப் பார்ப்பது போலவே அவனும் நம்மைப் பார்க்கின்றான். முழுவேகத்தில் வரும் சுமையேற்றிய சரக்கு வண்டியை நிறுத்துவதற்கு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேலும் தூரம் வேண்டும். நல்ல படம் ஒன்றிற்காகத் தண்டவாளத்தின் மீது ஏறி நிற்பவனைக் கண்ட சாரதியினால் ஊதுகுழலை ஒலிக்கவும் தடுப்பை இடவும் முடியும். அதன் பின்னர் நிகழ்வதைப் பார்த்திருப்பதொன்றே அவனுக்கு எஞ்சுவது. 2016 பெப்ரவரியில், புதுப்பிக்கப்பட்ட ‘பிளையிங் ஸ்கொட்ஸ்மன்’ நீராவி இயந்திரம் இலண்டனிலிருந்து யோர்க் நகருக்கு ஓடியபோது, படமெடுக்கும் ஆவலில் மக்கள் பாதையினுள் புகுந்தமையால் வண்டியை நிறுத்தவேண்டி நேர்ந்தது. வண்டியைக் காதலிப்பதாகக் கூறுவோரே அதனை ஓட்டுபவனின் அமைதியைப் பறிக்கும் முரண்பாடு இது. அங்கு மேர்டொக் கூறிய தன்னை மறந்த பார்வை இல்லை. வண்டி என் படத்திற்கான பொருளாகிவிட்டது. நான் என்பதே மீண்டும் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டது. கமராவினால் விளையக்கூடிய தீங்குகளுள் இதுவே முதன்மையானது எனலாம்.

இவ்வாராய்ச்சி எமக்கு அயலான ஒன்றெனக் கருதற்க. தெகாச்சப்பியைப் போலவே பாதை தன்னைத் தானே கடக்கும் இடம் ஒன்று நமது மலையகத்திலும் உண்டு. தெமோதரைப் புகையிரத நிலையத்தின் கீழேயே அதன் பாதை வளைந்து வந்து சுரங்கத்தினூடே செல்கின்றது. அதற்கு அண்மையில், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921 இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் உள்ளது. பாதை 1924 இல் பதுளையை அடைந்தது. அண்மைக் காலத்தில் உலகெங்குமிருந்து வந்த உல்லாசப் பயணிகள் அப்பாலத்தில் வண்டி வரும் தறுவாயில் திரண்டு நின்று படமெடுத்ததை யாவரும் அறிவர். பசுந்தேயிலையும் கல்வளைவுகளும் வண்டியும் சேர்ந்த அப்படங்களின் அழகை மறுப்பார் இலர். ஆயின் மலையகப் பாதை வெறும் அழகுக்காக அமைக்கப்பட்டதன்று. தோட்டங்களின் விளைபொருளைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்வது அதன் தலையாய பணிகளுள் ஒன்று. படத்திலுள்ள பசுமை, தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் கைகளால் உண்டானது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. மலையக நிலையங்களிலிருந்து அவர்களைத் தலைமன்னார்ப் பக்கம் ஏற்றிச்சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. ஒரே தண்டவாளத்தின் மேல் ஓடிய இரு வண்டிகள் இவை. ஒன்று படங்களில் நிறைந்துள்ளது. மற்றையது பெரும்பாலும் பெயரிலும் நினைவிலுமே வாழ்கின்றது.

இவ்வளவையும் அறிந்த பின்னரே ஒருவன் புகையிரதத்தைப் பார்த்து மகிழ வேண்டும் என விதிப்பது கொடுமையாகாதா? விடுமுறையில் வந்த சிறுவனிடம் வேலைநிறுத்த வரலாற்றை ஒப்புவித்துவிட்டுப் பெட்டிகளை எண்ணு என்று கூறலாமா? அவ்வாறு எவரும் கூறவேண்டியதில்லை. மகிழ்ச்சி முதலில் வரட்டும்; வருவதே இயல்பு. கான்ற் கூறிய வினாக்கள் வெவ்வேறானவை என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆயின் அவர் அவற்றைப் பிரித்தது தீர்ப்பொன்றின் தன்மையைத் தெளிவுறுத்தவே. ஒரு வினாவுக்கு விடை கண்டவன் மற்றதைக் கேட்கவேண்டியதில்லை என்பதற்காக அன்று. வண்டி சில நிமிடங்களில் கடந்துவிடும். அது கடந்த பின்னர் இப்பாதை யாரால் ஆனது, இதில் யார் போயினர், யார் போக்கப்பட்டனர் என வினவுவதற்கு வாழ்நாள் முழுவதும் உண்டு. பெட்டிகளை எண்ணிய சிறுவன் ஒரு நாள் அவ்வினாக்களையும் கேட்பான். எண்ணும்போது அவன் பெற்ற கவனமே அதற்கு வேண்டிய முதலாகும். உற்றுநோக்கப் பழகாதவனுக்கு விடுபட்டவர் எவர் என்பதும் புலப்படாது.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு இவ்வாறு விடை கூறலாம். பயன் கருதாது பார்த்து மகிழ்தல் குற்றமன்று. தன்னலத்தைத் தளர்த்துவதனால் அது அறத்திற்குத் துணையுமாகும். ஆயின் பார்த்ததைப் படமாக்கிப் பிறர்க்குக் காட்டுபவன் ஒரு கூற்றுக்குப் பொறுப்பேற்கின்றான். எல்லாவற்றையும் காட்டவேண்டிய கடப்பாடு அவனுக்கு இல்லை. தான் காட்டுவதைப் பற்றி அறிந்திருக்கவும், அறிந்ததற்கு மாறாகக் காட்டாதிருக்கவும், காட்சிக்காக அதனுள் இருக்கும் மனிதரைத் துன்புறுத்தாதிருக்கவும் அவன் கடமைப்பட்டவன். கைக்குள் அடங்கும் கருவியொன்றினால் எவரும் எதனையும் நொடியில் படமாக்கிவிடக்கூடிய இக்காலத்தில், இக்கடமை படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட சிலருக்கு மட்டும் உரியதன்று. காட்சிகள் பெருகிவிட்டன, அவற்றுக்கு ஈடாகச் சாட்சிகள் பெருகவில்லை. கண்டதைச் சொல்லும் பொறுப்பைக் கல்வியின் பயன்களுள் ஒன்றாகக் கொள்ளும் பல்கலைக்கழகச் சமூகம் இவ்விடைவெளியைக் கவனத்திற் கொள்ளுதல் தகும்.